மடிக்கணினி வாங்குமுன்



ஆண்டுதோறும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்து, கல்லூரிகளிலே இடமும் கிடைத்துவிட்ட பிறகு, நடுத்தரக் குடும்பங்களில் ஒரு பேச்சு தொடங்குகிறது. "பிள்ளைக்கு ஒரு லேப்டாப் வாங்கவேண்டும், எதை வாங்கலாம்?" என்பதே அப்பேச்சு. லேப்டாப் என்று மக்கள் வழங்கும் அப்பொருளை இன்று நாம் மடிக்கணினி என்றே சொல்லிவருவோம். அரிசி வாங்குகிறவர் நாலு மணியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து வாங்குகிறார். புடைவை வாங்குகிறவர் நூலைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறார். ஆனால், குடும்பத்தின் இரண்டு மூன்று மாத வருமானத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும் இந்தக் கருவியை மட்டும், கடையிலே நிற்கும் இளைஞர் அடுக்கும் எண்களையும் எழுத்துக்களையும் கேட்டுத் தலையசைத்துவிட்டு வாங்கிவருகிறோம். அந்த எண்களுக்கு என்ன பொருள், அவற்றுள் உங்களுக்கு வேண்டியவை எவை, வேண்டாதவை எவை என்பதைப்பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலிலே ஒரு பழைய செய்தி. மடியிலே வைத்துக்கொள்ளும் கணினிக்கு முன்னோடியாக, கையிலே தூக்கிச் செல்லும் கணினி ஒன்று 1981-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவிலே அறிமுகம் செய்யப்பட்டது. ஆஸ்பார்ன்-1 என்பது அதன் பெயர். மூடி வைத்தால் தையற்பொறிப் பெட்டியைப்போல் இருக்கும். எடை ஏறக்குறைய 11 கிலோகிராம். திரையோ ஐந்தே அங்குலம். விலை 1,795 டாலர். அதை ஆக்கிய ஆடம் ஆஸ்பார்ன் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். அவருடைய தந்தையார் ஆர்தர் ஆஸ்பார்ன், ரமண மகரிஷியின் அடியவர். மகரிஷியின் வரலாற்றை நூலாக எழுதியவர். ஆகவே, 1939-இல் பாங்காக்கிலே பிறந்த ஆடம், தம் இளமையைத் திருவண்ணாமலையிலே கழித்தார், தமிழும் பேசினார். 2003-ஆம் ஆண்டு கொடைக்கானலிலே காலமானார்.

அந்த நாளிலே ஆஸ்பார்ன்-1-ஐவிட விரைவாக வேலை செய்யும் கணினிகளும் இருந்தன; பெரிய திரை கொண்டவையும் இருந்தன. ஆயினும் அது ஆயிரக்கணக்கில் விற்றது. காரணம் யாதெனின், கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் வேண்டிய மென்பொருள்கள் அதனுடனேயே வந்தன. வாங்கியவன் மறுநாளே வேலையைத் தொடங்கலாம். போதுமான அளவு இருந்தால் போதும், அதற்கு மேற்பட்டதெல்லாம் மிகை என்பது ஆஸ்பார்னின் கொள்கையாகச் சொல்லப்படுகிறது. நல்ல கொள்கைதான். ஆனால், 'போதும்' என்னும் அளவை எங்கே வகுப்பது? அங்கேதான் நாம் தடுமாறுகிறோம். நானும் ஒருமுறை தடுமாறியிருக்கிறேன்.

எங்கள் தெருக்கோடியிலே ஒரு தையற்காரர் இருக்கிறார். அவருடைய மூத்த மகள் 2021-ஆம் ஆண்டு கட்டடப் பொறியியல் படிக்கச் சேர்ந்தாள். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் நாற்பத்தெட்டாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு, "ஐயா, நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்று என்னை அழைத்தார். நான் போனேன். மெல்லியதாய், கனமில்லாததாய், பார்வைக்கு அழகாய் இருந்த ஒன்றை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். நாள்தோறும் பேருந்திலே கூட்டத்தில் நின்று போகிற பெண். எடை குறைவாக இருக்கவேண்டும் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. நினைவகம் 8 ஜிகாபைட்டு. அது போதும் என்று எண்ணினேன். அன்றைக்கு அது போதியதாகவும் இருந்தது.

மூன்றாம் ஆண்டிலே அந்தப் பெண்ணுக்குக் கட்டடங்களை முப்பரிமாணத் தோற்றத்திலே வரையும் பாடம் வந்தது. அதற்குரிய மென்பொருள் 16 ஜிகாபைட்டு நினைவகம் கேட்டது. அக்காலத்தில் இன்னுமோர் 8 ஜிகாபைட்டு வாங்குவதற்கு இரண்டாயிரம் ரூபாய் ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஆனால், பழுது பார்ப்பவர் கருவியின் அடிப்பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில் சேர்க்க வழியே இல்லை. உள்ள நினைவகத்தையும் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து விட்டிருக்கிறார்கள்" என்றார். அந்தப் பெண் அவ்வாண்டு முழுவதும் மாலை ஆறரை மணிவரை கல்லூரி ஆய்வுக்கூடத்திலே தங்கி வேலையை முடித்து, இரவு எட்டரைக்கு வீடு வந்து சேர்ந்தாள். தந்தையார் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

நான் செய்த பிழை என்ன? கருவியைப் பார்த்தேன், பையின் எடையைப் பார்த்தேன், அவள் படிக்கப்போகும் நான்கு ஆண்டுப் பாடத்திட்டத்தைப் பார்க்கவில்லை. கல்லூரிப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் கல்லூரியின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் எந்தெந்த மென்பொருளைக் கற்பிக்கிறார்கள் என்று அதிலே பார்க்கலாம். அல்லது மேல்வகுப்பு மாணவர் ஒருவரைக் கேட்கலாம். பிறகு, அந்த மென்பொருளை ஆக்கியவர்கள் தங்கள் தளத்திலே 'குறைந்த அளவு இவ்வளவு வேண்டும், நன்றாக இயங்க இவ்வளவு வேண்டும்' என்று இரண்டு அளவுகளை வெளியிட்டிருப்பார்கள். அவற்றுள் இரண்டாவதையே கணக்கில் கொள்ளுங்கள். முதல் அளவிலே கருவி இயங்கும் என்பது மெய்தான். உங்கள் பொறுமை இயங்குமா என்பதுதான் ஐயம்.

தமிழ் இலக்கியமோ வரலாறோ வணிகவியலோ படிக்கிறவருக்கு எழுதுவதும், படிப்பதும், கணக்குத்தாள் போடுவதும், இணையத்திலே தேடுவதுமே வேலை. இன்று விற்கும் கருவிகளில் எளியதே இவற்றுக்குப் போதும். கணினி நிரல் எழுதப் பழகுகிறவருக்கும் தொடக்க ஆண்டுகளில் பெரிய கருவி வேண்டுவதில்லை. நினைவகம் மட்டும் தாராளமாக இருந்தால் நன்று. கட்டடம், பொறி முதலியவற்றை வரைபவர்களும், படத்தொகுப்புச் செய்பவர்களும்தாம் தனியான வரைகலைச் செயலியைப்பற்றி எண்ணிப் பார்க்கவேண்டியவர்கள். அந்தச் செயலிக்காகச் சில ஆயிரங்கள் அல்ல, பல ஆயிரங்கள் கூடுதலாகப் போகும். விளையாட்டுக்கென்று செய்த கருவிகளிலே அது இருக்கிறது என்று சொல்லி, வணிகவியல் மாணவனுக்கும் கடைக்காரர்கள் அதையே காட்டுவதுண்டு. அக்கருவி இரண்டரைக் கிலோ எடை இருக்கும். அதன் மின்னேற்றி தனியே அரைக் கிலோவை ஒட்டியிருக்கும். மின்சாரம் நின்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குமேல் தாங்காது. பையன் அதை வாங்கிய ஆறாம் மாதம் விடுதி அறையிலே வைத்துவிட்டு, குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறான்.

இனி அந்த எண்களுக்கு வருவோம். தையற்கடையை மனத்திலே வைத்துக்கொண்டால் இவை எளிதில் விளங்கும். தையற்காரருடைய கை எவ்வளவு விரைவாக ஓடுகிறதோ, அது மையச் செயலி. அவர் துணியை விரித்து வெட்டும் மேசை எவ்வளவு அகலமோ, அது நினைவகம். கடைக்காரர்கள் 'ராம்' என்பது இதுவே. பின்னாலுள்ள அலமாரி, சேமிப்பகம். மேசை சிறிதாக இருந்தால், கை எவ்வளவு விரைவானாலும் பயனில்லை. ஒரு துணியைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் மற்றொன்றை விரிக்கவேண்டும். கணினியும் இப்படியே செய்கிறது. நினைவகம் நிரம்பிவிட்டால், அதிலுள்ளவற்றைச் சேமிப்பகத்துக்குத் தள்ளுகிறது. வேண்டும்போது மறுபடி எடுத்துவருகிறது. திரையிலே நீங்கள் காணும் அந்தச் சுழலும் வட்டம், பெரும்பாலும், துணி சுருட்டும் நேரமே.

ஆதலால், செயலிக்குக் கொடுக்கும் மிகைப் பணத்தை நினைவகத்துக்குக் கொடுப்பதே மாணவருக்கு நன்மை. 4 ஜிகாபைட்டு நினைவகம் உள்ள கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விண்டோஸ் 11 என்னும் இயங்குதளம் கேட்கும் குறைந்த அளவே அந்த 4 ஜிகாபைட்டுதான்; அதற்குமேல் உங்கள் வேலைக்கு மேசையில் இடமேது? எட்டு இருந்தால் எழுத்து வேலைக்குப் போதும். பதினாறு இருந்தால் நான்கு ஆண்டும் கவலையில்லை. எட்டே வாங்குவதாயின், பின்னாளில் சேர்ப்பதற்கு உள்ளே காலியிடம் உண்டா என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி இது. காலியிடம் இருந்தாலும், பிறகு எப்போதும் மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். 2025-ஆம் ஆண்டின் இறுதியிலே, செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவை பெருகியதனால், நினைவகச் சில்லுகளின் விலை வேகமாக ஏறியதைச் செய்தித்தாள்களில் நீங்களே படித்திருப்பீர்கள்.

அலமாரியைப்பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் கருவி விரைந்து இயங்குவதும் நொண்டுவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகின்றன. பழைய முறையில் சேமிப்பகம் என்பது சுழலும் வன்தட்டு. 'ஹார்டு டிஸ்க்' என்பார்கள். மடிக்கணினிகளிலே பெரும்பாலும் அது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். கேட்பதற்குப் பெரும் வேகமாகத் தோன்றுகிறது அன்றோ? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,400-ஐ 60-ஆல் வகுத்தால், வினாடிக்கு 90 சுற்று. வேண்டிய செய்தி முள்ளுக்கு நேரே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்கவேண்டும். அஃதாவது ஒரு வினாடியில் 180-இல் ஒரு பங்கு. மிகச் சிறிய நேரந்தான். ஆனால் வினாடிக்கு 200 கோடி முறை துடிக்கும் செயலி ஒன்று, அந்தச் சிறு நேரத்துக்குள் ஒரு கோடியே பத்து இலட்சம் முறை துடித்துவிடுகிறது. ஒவ்வொரு முறை தட்டிலே தேடும்போதும் இத்தனை துடிப்பு காத்திருப்பிலே கழிகிறது. முள் இடம் பெயரும் நேரத்தை நான் இதிலே சேர்க்கவும் இல்லை.

சுழலும் பகுதியே இல்லாமல், முழுவதும் சில்லுகளால் ஆன சேமிப்பகத்தை எஸ்.எஸ்.டி. என்று சொல்கிறார்கள். அதிலே இந்தக் காத்திருப்பு பல மடங்கு குறைந்துவிடுகிறது. பேருந்துக் குலுக்கலிலே பழுதாகும் அச்சமும் பெரிதும் குறைவு. பழைய கணினி ஒன்றில் வன்தட்டை எடுத்துவிட்டு இதைப் பொருத்தினால், புதுக்கருவி வாங்கியதுபோல் இருக்கும். என் வீட்டிலுள்ள பத்தாண்டுக் கருவி அப்படித்தான் உயிர் பெற்றது. ஆகவே, அதிக இடமுள்ள வன்தட்டா, குறைந்த இடமுள்ள எஸ்.எஸ்.டி.யா என்றால், தயங்காமல் இரண்டாவதையே கேளுங்கள். ஓர் எச்சரிக்கை. மிக மலிவான சில கருவிகளிலே இ.எம்.எம்.சி. என்ற வேறொரு வகை இருக்கும். அளவு 64 ஜிகாபைட்டு என்று போட்டிருப்பார்கள். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்த அளவும் அதே 64 தான். அலமாரி முழுவதையும் கடையின் பெயர்ப்பலகையே அடைத்துக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

இவ்விடத்தே மற்றொரு சிறு செய்தி. 512 ஜிகாபைட்டு என்று எழுதிய கருவியை வாங்கித் திறந்தால், விண்டோஸ் அதை 476 என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்கு ஓடிச் சண்டையிட்டவரை நான் அறிவேன். ஏமாற்றம் ஒன்றும் இல்லை. செய்தவர்கள் நூறு கோடி பைட்டுக்களை ஒரு ஜிகாபைட்டு என்று எண்ணுகிறார்கள். விண்டோஸோ, இரண்டை முப்பது முறை பெருக்கி வரும் 1,07,37,41,824 பைட்டுக்களை ஒரு ஜிகாபைட்டு என்று எண்ணுகிறது. வகுத்துப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

செயலியின் பெயர்களில்தான் குழப்பம் மிகுதி. ஐ3, ஐ5, ஐ7 என்று சொன்னதும், ஏழு என்பது ஐந்தைவிட உயர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். அவை ஒரே தலைமுறையிலே, ஒரே வகையிலே ஒப்பிடத்தக்கவை. ஆறு ஏழு ஆண்டுக்கு முந்திய தலைமுறை ஐ7-ஐ, பின்வந்த தலைமுறை ஐ5 எளிதாக மிஞ்சிவிடும். எண்ணின் இறுதியில் வரும் எழுத்தையும் பாருங்கள். யு என்றிருந்தால் மின்சாரத்தைக் குறைவாகக் கொள்வது, பெரும்பாலும் 15 வாட்டு அளவில் இயங்குவது. எச் என்றிருந்தால் 45 வாட்டு அளவில் உழைப்பது, சூடும் விசிறி ஓசையும் மிக்கது. ஏ.எம்.டி. நிறுவனம் 2023-ஆம் ஆண்டுக்கு வகுத்த எண்முறையிலே, ரைசன் 7520 என்பதிலுள்ள முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும். மூன்றாம் இலக்கமே உள்ளமைப்பு எந்தத் தலைமுறை என்பதைக் குறிக்கும். அந்த 2 என்னும் உள்ளமைப்பு முதன்முதல் வந்தது 2019-இல். எழுத்துவேலைக்கு அதுவும் போதியதே; புதியதென்று எண்ணி அதற்கேற்ற விலை கொடுக்காதிருந்தால் சரி.

திரைக்கு வருவோம். நான்கு ஆண்டு உங்கள் கண் பார்க்கப்போவது இதைத்தான். ஆயினும் பலர் இதைக் கேட்பதே இல்லை. 1366-க்கு 768 என்ற திரையிலே பத்தரை இலட்சம் புள்ளிகள். 1920-க்கு 1080 என்பதிலே இருபது இலட்சத்துக்கு மேல். தமிழ் எழுத்தின் சுழிகளும் கொம்புகளும் முன்னதில் மங்கித் தோன்றும். பின்னதில் தெளிவாக இருக்கும். கடையிலே விளக்கு வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகுதான். வாசற்படியருகே எடுத்துச் சென்று, சற்றுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. விசைப்பலகையிலே உங்கள் பெயரையும் முகவரியையும் பத்து முறை தட்டிப் பாருங்கள். நடுவிலே அழுத்தினால் பலகை வளைகிறதா என்பதையும் கவனியுங்கள்.

மின்கலத்தைப்பற்றி விளம்பரத்தில் 'பத்து மணி நேரம்' என்றிருக்கும். அதை விட்டுவிட்டு, அதன் கொள்ளளவு எத்தனை வாட்டு-மணி என்று பாருங்கள். எழுத்துவேலையில் கருவி ஏறக்குறைய எட்டு வாட்டு செலவழிக்கிறது என்று கொண்டால், 50 வாட்டு-மணிக் கலம் ஆறு மணி நேரம் தாங்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் கலத்தின் வலிமை இயல்பாகவே குறையும். ஆகவே முதல் நாளிலேயே நான்கு மணி நேரந்தான் தாங்குகிறது என்றால், இறுதியாண்டிலே அது சுவரோடு கட்டிவைத்த கருவியாகிவிடும்.

அடுத்து, பணம். நீங்கள் ஐம்பதாயிரம் கொண்டு போகிறீர்கள் என்றால், ஐம்பதாயிரத்துக்கும் கருவியே வாங்கிவிடாதீர்கள். கூடுதல் உத்தரவாதம், சுட்டெலி, பை, எழுதியவற்றைப் படியெடுத்து வைக்க ஒரு வெளிச் சேமிப்பகம் என்று பின்னாலே செலவுகள் வரும். இறுதியிலே சொன்னதை எளிதாக எண்ணவேண்டாம். ஆய்வேட்டை முடிக்கும் வாரத்திலே கருவி பழுதாகி, படியெடுத்து வைக்காததால் கண்ணீர் விட்ட மாணவர்களை ஆண்டுக்கு ஒருவரையேனும் நான் பார்க்கிறேன். தவணை முறையிலே வாங்குவோர், 'வட்டியில்லை' என்ற சொல்லோடு நின்றுவிடாமல், மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி இதிலும் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

இன்னும் இரண்டு மாதம் பொறுத்தால் புதியது வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. ஆஸ்பார்ன் கதையின் பின்பகுதி இவர்களைப் பற்றியதே. 1983-ஆம் ஆண்டு, அவருடைய நிறுவனம் அடுத்து வரவிருக்கும் கருவிகளைப்பற்றி முன்னதாகவே பேசிவிட்டது. வாங்க இருந்தவர்களெல்லாம் காத்திருக்கத் தொடங்கினார்கள். உள்ள கருவி விற்கவில்லை. அவ்வாண்டிலேயே நிறுவனம் நொடித்தது; அந்த அறிவிப்பும் அதற்கு ஒரு காரணம் என்பர். காத்திருந்தவர்களுக்கும் அக்கருவியால் பெரும்பயன் விளையவில்லை. படிப்பு தொடங்கிவிட்டதென்றால், இன்று கிடைப்பதிலே நல்லதை வாங்குவதே முறை.

கையிலே பணம் குறைவாக உள்ளவர்க்கு ஒரு வழி உண்டு. பெரிய அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் கருவிகளைச் சீர்செய்து விற்கிறார்கள். சென்னையிலே அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இத்தகைய கடைகள் பல. அலுவலகங்களுக்கென்று செய்தவை பொதுவாக உறுதியானவை. திறந்து நினைவகம் சேர்க்கவும் பல இடங்கொடுக்கின்றன. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். விண்டோஸ் 10-க்கு வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு பொதுவாக முடித்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும் இன்டெல் செயலிகள், மிகச் சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறையைச் சேர்ந்தவையும் அதற்குப் பிற்பட்டவையுமே. அதற்கு முந்தியதை விண்டோஸுக்காக வாங்கினால், காலாவதியான மருந்தை மலிவென்று வாங்கியதுபோல் ஆகும்.

லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள விரும்புவோர்க்கு இந்தத் தடை இல்லை. அதைக் கண்டு அஞ்சவேண்டுவதும் இல்லை. 2011-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளிலே ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டவை வழங்கப்பட்டன. அவற்றுள் பலவற்றிலே, சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டிலே அண்ணனோ அக்காளோ பெற்ற அக்கருவி ஒன்று பரண்மேல் கிடந்தால், புதியது வாங்குமுன் அதை இறக்கி ஒருமுறை உயிர்ப்பித்துப் பாருங்கள். நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றிச் சில ஆயிரத்தில் அது எழுதவும் படிக்கவும் உதவக்கூடும். உதவாவிட்டால், கருவியைத் திறந்து பார்த்த அறிவாவது மிஞ்சும். ஆனால், கல்லூரியில் கற்பிக்கும் மென்பொருள் விண்டோஸிலேயே இயங்குவது என்றால், லினக்ஸ் கருவியும், ஆப்பிள் கருவியும் உங்களைத் தொல்லைப்படுத்தும். அதையும் பாடத்திட்டத்தைப் பார்க்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும்.

தையற்காரருடைய இரண்டாம் மகள் அண்மையிலே வணிகவியல் வகுப்பிலே சேர்ந்தாள். தந்தையார் இம்முறையும் என்னிடம் வந்து, "ஐயா, எந்த நாள் உங்களுக்கு வசதி?" என்று கேட்டார். நான் நாள் குறித்துக் கொடுத்தேன். ஆனால் அதற்கு முன்னரே, மூத்தவள் ஒரு சனிக்கிழமை தங்கையை அழைத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போய்விட்டாள். அவள் இப்போது கட்டட நிறுவனம் ஒன்றிலே வரைவாளராக இருக்கிறாள். கைப்பையிலே சிறு திருப்புளி ஒன்றை எடுத்துச் சென்றிருக்கிறாள். எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய, அலுவலகத்திலிருந்து கழித்த கருவி ஒன்றைக் கடைக்காரர் காட்ட, "அடிப்பலகையைத் திறந்து காட்டுங்கள், இரண்டாவது இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்" என்றாளாம். "எல்லாம் இருக்கும் அம்மா" என்றாராம் அவர். "இருந்தால் திறப்பதற்கு என்ன?" என்று இவள் திருப்புளியை நீட்டியிருக்கிறாள்.

காலியிடம் இருந்தது. இருபத்திரண்டாயிரம் ரூபாயில் வாங்கிவந்தார்கள். கருவிக்கென்று அந்தத் தையற்காரர் எடுத்துவைத்திருந்த பணத்திலே மீதியானதைக் கொண்டு, தம்முடைய கால்மிதிப் பொறிக்கு ஒரு மின்மோட்டார் பொருத்திக்கொண்டார். நான் குறித்துக் கொடுத்த நாளன்று அவர் வந்தபோது, கையிலே கணினி இல்லை. பத்து நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்த என் சட்டையைத் தைத்துக் கொண்டுவந்திருந்தார்.